யாழ்ப்பாணத்துக்கு ஒரு சாவதானப் பிரயாணம்

மதுரையிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே செல்பவர் ஏறத்தாழ 460 கிலோமீட்டர் கடக்க வேண்டியிருக்கிறது. தேசப்படத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் யாழ்ப்பாணம் அதில் பாதித் தூரம்கூட இல்லை. நம் ஊருக்கு ஏறக்குறைய நேர்கிழக்கே, நம் மொழியைப் பேசிக்கொண்டு, நாம் கும்பிடும் தெய்வங்களையே கும்பிட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பட்டணத்துக்கு, வாசலில் நிற்கும் காரில் பெட்டி படுக்கையை ஏற்றிக்கொண்டு, வழியில் நாலு ஊரில் தங்கி, ஆற அமரப் போய்ச் சேரலாமா என்று ஒருவர் விசாரித்தால், 'முடியாது' என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாகக் கிடைக்கும். பீகாரின் ரக்சவுல்காரர் எல்லைச் சாவடியில் நாள் கணக்குப்படி சுங்கக் கட்டணம் செலுத்தி ரசீது பெற்றுக்கொண்டு நேபாளத்துக்குள் காரை ஓட்டிப் போகிறார். சிங்கப்பூர்த் தமிழர்கள் 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலத்தின்மேல் விடுமுறை நாட்களில் ஜொகூருக்குச் சாமான் வாங்கப் போய் வருகிறார்கள். நமக்கும் அண்டை தேசம் ஒன்று உண்டு; ஆனால் அங்கே போக வேண்டுமானால் காரை இக்கரையிலேயே விட்டுவிட வேண்டும்.

விமானம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கொழும்பில் இறக்கிவிடுகிறது. அவசரக் காரியம் உள்ளவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சுற்றுலா என்ற பெயரில் ஐந்து நாளில் பத்து ஊர்களை அடைத்து, ஒவ்வொன்றிலும் படம் எடுத்துக்கொள்ள மட்டும் அவகாசம் கொடுக்கும் திட்டங்கள் இந்த ஒரு மணி நேரச் சௌகரியத்திலிருந்துதான் பிறக்கின்றன. அந்நிய தேசத்துக்கு உல்லாசமாகப் போகிறவர் அந்தத் தேசம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போகவேண்டும். அதற்குத் தரையும் கடலுமாகப் போவதே முறை. அப்படிப் போவதற்குரிய வசதியைச் செய்துதருவது இரு அரசாங்கங்களின் பொறுப்பு என்பது என் அபிப்பிராயம்.

இது புதிய ஆசையும் அல்ல. சிகாகோவில் பெற்ற கீர்த்தியோடு திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 15-ஆம் தேதி கொழும்பில் இறங்கினார். அங்கிருந்து கப்பலேறி நேரே சென்னைக்கு வந்திருக்கலாம், வரவில்லை. கண்டிக்கும் மாத்தளைக்கும் ரயிலில் போய், அதற்கப்பால் கோச்சு வண்டியில் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். தம்புள்ளையைத் தாண்டிச் சில மைல்களில், இறக்கம் ஒன்றில் வண்டியின் முன்சக்கரம் உடைந்துபோயிற்று. சில மணி நேரம் சாலையிலேயே காத்திருந்து, பிறகு மாட்டு வண்டிகளில் அனுராதபுரம் சேர்ந்து, வவுனியா வழியாக 24-ஆம் தேதி யாழ்ப்பாணத்தை அடைந்தார். அங்கிருந்து கடல் கடந்து 26-ஆம் தேதி பாம்பனில் இறங்கியபோது இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு அழைத்தார். பின்னர் இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று ஊர் ஊராக வரவேற்பை ஏற்று, பேசி, பிப்ரவரி தொடக்கத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்தார். ஒரு மணி நேரத்தில் நாம் தாண்டிவிடுகிற தூரத்துக்கு அவர் இரண்டு வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டார் என்றால், சக்கரம் உடைந்தது மட்டும் அதற்குக் காரணம் அல்ல. வழியில் இருந்த ஊர்கள் அவரை விடவில்லை. அவரும் விடுபட அவசரப்படவில்லை.

இன்று மதுரையிலிருந்து எதிர்த்திசையில் புறப்படுகிறவருக்கு நான் சொல்லும் மார்க்கம் நாகப்பட்டினம் வழியானது. ஏனெனில் கப்பல் அங்கிருந்துதான் விடப்படுகிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பெரிய சாலையைப் பிடித்தால் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். அப்படிப் போகவேண்டாம். நமக்கு முன்பே இந்தத் திசையில் கடற்கரைக்குப் புறப்பட்ட ஒரு மதுரை உத்தியோகஸ்தர் இருக்கிறார். அவர் போன வழியை ஒட்டிப் போவது உத்தமம். மேலூருக்குப் பக்கத்தில் உள்ள திருவாதவூரில் பிறந்து, பாண்டியனிடம் மந்திரியாக இருந்து, கீழைக் கடற்கரையில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளை வாங்கிவர அரசாங்கப் பணத்தோடு அனுப்பப்பட்ட மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையில் ஒரு குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார். குதிரை வாங்கப் போன பணம் கோயிலாயிற்று. அதன் பயனாக நரிகள் பரிகளாயின. ஆவணி மூலத்தில் மதுரை அந்தக் கணக்கு வழக்கை இன்றுவரை திருவிழாவாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. பிரயாணத் திட்டத்தை இவ்வளவு பூரணமாகக் கைவிட்டவர் வேறு ஒருவரை நான் அறியேன். தணிக்கை அதிகாரிகள் எப்படி நினைப்பார்களோ, அது வேறு விஷயம்.

ஆகவே முதல் நாள் திருவாதவூரைப் பார்த்துவிட்டு, திருப்பத்தூர் வழியே காரைக்குடியோடு நிறுத்திக்கொள்ளலாம். பக்கத்துக் கோட்டையூர், உலகமெல்லாம் சுற்றிவிட்டு அதைப் பற்றி ஆரவாரமில்லாத தமிழில் எழுதிய ஏ.கே. செட்டியாரின் ஊர். மறுநாள் அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயில், அதாவது திருப்பெருந்துறை. அங்கே மணி பார்க்காமல் இருக்கவேண்டும். மண்டபத்தின் கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள்: மரச்சட்டங்களை வரிசையாக வைத்து, குறுக்குச் சட்டம் கொடுத்து, ஆணி அடித்து முடித்த கூரை போலத் தோன்றும், ஆணியின் கொண்டை முதல் எல்லாம் கல். பழைய சிற்பிகள் வேறு கோயில்களுக்கு ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மாத்திரமே. சந்நிதிக்கு முன் நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொட்டி, எழும் ஆவியையே நைவேத்தியமாகக் காட்டுகிறார்கள். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேதுபாவாசத்திரம், முத்துப்பேட்டை, வேதாரணியம் என்று சத்திரமும் உப்பளமுமாக நாகப்பட்டினம் வரை போகலாம். அதை விஸ்தரிக்க இங்கே இடமில்லை.

இனிக் காகிதங்கள். பாஸ்போர்ட்டையும் இலங்கையின் மின்னணு முன்னனுமதியையும் சொல்லவேண்டியதில்லை. அங்கே தாமே வண்டி ஓட்ட விரும்புகிறவர் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெற்று, அதற்கு அங்கே உள்ளூர் அங்கீகாரமும் வாங்கவேண்டும்; அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் கைக்குப் பழக்கம் மாறாது. சொந்தக் காரையே கொண்டுபோவது என்றால் 'கார்னே' என்ற பத்திரம் வேண்டும். இந்தக் கார் அந்நிய தேசத்தில் விற்கப்படாமல் திரும்பி வந்துவிடும் என்று சுங்கத் துறைக்குக் கொடுக்கும் ஜாமீன் அது. மும்பையில் உள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கத்தில் அதைப் பெறலாம். ஆனால் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரை எதில் ஏற்றுவது? 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் அக்கரைக் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கி, சில நாட்களிலேயே பருவமழையை முன்னிட்டு நின்று, 2024 ஆகஸ்டு 16-ஆம் தேதி 'சிவகங்கை' என்ற நம் பக்கத்துச் சீமையின் பெயர் தாங்கிய கப்பலோடு மீண்டும் தொடங்கிய சேவை, ஆட்களையும் பெட்டிகளையும் மட்டுமே ஏற்றிக்கொள்கிறது. நாலு மணி நேரக் கடல். காற்று கடுத்தால் அன்றைக்குக் கப்பல் இல்லை. ஆகையால் விடுப்பு முடியும் நாளிலேயே திரும்பும் டிக்கெட்டை வைத்துக்கொள்ளாமல், இக்கரையில் ஒன்றும் அக்கரையில் ஒன்றுமாக வேலையற்ற நாட்களை ஒதுக்குவது புத்திசாலித்தனம். மதுரைக்காரருக்கு வேலையற்ற நாளை எப்படிக் கழிப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அக்கரையில் காங்கேசன்துறையை அடுத்துக் கீரிமலைத் தீர்த்தம், பிறகு யாழ்ப்பாணம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் திருவிழா ஆடி, ஆவணியில் இருபத்தைந்து நாட்கள் நடக்கிறது. அதற்கு ஏற்றபடி புறப்படுவது விசேஷம். அங்கே ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு ஏ-9 சாலையில் ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை என்று போனால், விவேகானந்தர் வந்த வழியைத் தலைகீழாகப் போய்க் கண்டியை அடையலாம். உள்நாட்டு யுத்தத்தில் மூடப்பட்டு, 2002-இல் திறந்து, 2006-இல் மறுபடி மூடி, 2009-க்குப் பிறகே நிலையாகத் திறந்த சாலை அது. அதன் இருமருங்கிலும் இருப்பவர்கள் இழந்தவை அநேகம். வேடிக்கை பார்க்கும் மனோபாவத்தோடு அங்கே போவது பண்பாகாது.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து, எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயிலும், தலைமன்னார் வரை கப்பலும், அப்பால் கொழும்பு வரை மீண்டும் ரயிலுமாக ஜனங்கள் போய்வந்தார்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவுப் புயல் ஒரு பாசஞ்சர் ரயிலையும் அதில் இருந்தவர்களையும் தனுஷ்கோடியையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலை 1980-களில் யுத்தம் நிறுத்தியது. 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விட்ட கப்பல் சில மாதங்களில் நின்றது. 2023 ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் தரைவழி இணைப்பின் சாத்தியத்தை ஆராயலாம் என்று கூட்டறிக்கை விட்டபோது பாலம் பற்றிய பேச்சு பத்திரிகைகளில் அமளிப்பட்டது. எனக்குப் பாலத்தில் அவ்வளவு மோகம் இல்லை. அது வருவதற்குள் பல பொதுத் தேர்தல்கள் வந்துபோகும். மணல் திட்டும் பவளமும் மீன்பிடியும் உள்ள அந்தக் கடலில் தூண் நாட்டுவதன் விளைவை மீனவர்களைக் கேட்காமல் தீர்மானிப்பதும் நியாயம் அல்ல.

பாலத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு அம்சம் போதும்: கீழ்த்தளத்தில் சில கார்களும் இரு சக்கர வண்டிகளும் ஏறி நிற்கக்கூடிய ஒரு கப்பல், இருகரையிலும் வண்டி ஏறி இறங்கச் சாய்தளம், கார்னே பத்திரத்துக்கு முத்திரை போடத் தெரிந்த ஒரு சுங்க அதிகாரி. இராமேசுவரம்–தலைமன்னார் வழியைப் புதுப்பிப்பது பற்றியும் அடிக்கடி பேசுகிறார்கள். அப்படி ஒரு துறை கட்டப்படுமானால், மனிதர்கள் ஏறும் படிக்கட்டை மட்டும் கட்டி முடித்துவிட்டுப் பத்து ஆண்டுகள் கழித்து இடித்துக்கொண்டிராமல், வண்டிகளுக்கான சாய்தளத்தை முதல் வரைபடத்திலேயே சேர்த்துவிடும்படி இரு அரசாங்கங்களின் துறைமுக அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.