தீர்ப்புத் தேடலும் தமிழ் மாணவரும்

சட்டம் என்பது நாடாளுமன்றம் இயற்றும் விதிகளோடு முடிந்துவிடுவதன்று. அவ்விதிகளுக்கு நீதிமன்றங்கள் காலந்தோறும் காணும் பொருளும் சட்டமேயாகும். நூற்பாவும் உரையும் போல இவை இரண்டும் சேர்ந்தே பயன் தருகின்றன. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை இளம்பூரணர் உரையோடும் சேனாவரையர் உரையோடும் ஒப்பிட்டுக் கற்கும் தமிழ் மாணவர்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உச்ச நீதிமன்றம் உரைக்கும் சட்டம் நாட்டிலுள்ள பிற நீதிமன்றங்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் என்று அரசியலமைப்பின் 141-ஆம் உறுப்பு கூறுகின்றது. ஆகவே வரிச் சட்டத்தையோ கம்பெனிச் சட்டத்தையோ அறிய விரும்புவோர் சட்ட நூலை மட்டும் புரட்டினால் போதாது. தீர்ப்புகளையும் தேடிக் காணுதல் வேண்டும். அத்தேடல் இன்று இணையத்தின் வழியே நிகழ்கின்றது. அது வழக்கறிஞர்க்கும் கணக்காயர்க்கும் மட்டுமே உரிய கலை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் மாற வேண்டும் என்பதும், அதனை மாற்றும் பொறுப்பில் தமிழ்த் துறைக்கும் பங்குண்டு என்பதும் நம் கருத்தாகும்.

பூட்டியிருந்த பேழைகள்

இத்துறையில் சென்னைக்குத் தனிச்சிறப்பு உண்டு. மெட்ராஸ் லா ஜர்னல் என்னும் சட்ட இதழ் 1891-இல் இங்குத் தோன்றியது. கம்பெனி வழக்குகளைத் தொகுத்துத் தரும் கம்பெனி கேசஸ் 1931-இலும், வருமான வரித் தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் இன்கம் டாக்ஸ் ரிப்போர்ட்ஸ் 1933-இலும் இந்நகரிலிருந்தே வெளிவரத் தொடங்கின. இவற்றுள் வரித் தீர்ப்புகளின் தொகுதிகள் மட்டும் நானூறைக் கடந்துவிட்டன. நாடெங்கும் வரி வழக்காடுவோர் சென்னையில் அச்சான பக்க எண்களைச் சுட்டியே வாதிட்டனர். ஆயினும் அத்தொகுதிகளை விலை கொடுத்து வாங்கி அடுக்கி வைக்கப் பெரிய அலுவலகங்களுக்கே இயன்றது. ஐயப்பன்தாங்கலில் கடை வைத்திருந்த ஒருவர் தம் வழக்கை ஒத்த தீர்ப்பு ஒன்றைக் காண விழைந்தால், பாரிமுனை வரை சென்று ஒரு வழக்கறிஞரின் நூலகக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இந்நிலை படிப்படியாக மாறியது. ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் டி.பி. மோதக் என்பாருக்கும் இடையே நடந்த வழக்கில், தீர்ப்பின் மூல வாசகம் எந்தப் பதிப்பகத்தின் தனியுடைமையும் அன்று என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. பதிப்பாசிரியர் தம் புலமையால் சேர்த்த குறிப்புகளுக்கு மட்டுமே அவர்க்கு உரிமை உண்டு. 2008-இல் சுஷாந்த் சின்ஹா என்னும் பொறியாளர் தொடங்கிய இந்தியன் கானூன் என்னும் தளம் தீர்ப்புகளைக் கட்டணமின்றித் தேடும் வழியைத் திறந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தன் அதிகாரமுறைத் தொகுப்பை இ-எஸ்.சி.ஆர். என்னும் பெயரில், சுமார் 34,000 தீர்ப்புகளுடன், மக்களுக்கு இலவசமாக வழங்கியது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆணைகளும் அதன் தளத்திலேயே கிடைக்கின்றன.

தேவையும் இப்போது பெருகியுள்ளது. 2020 முதல் வருமான வரி மதிப்பீடு முகமறியா முறைக்கு மாறியது. அதிகாரியை நேரில் கண்டு நிலைமையை எடுத்துரைக்கும் வழக்கம் பெரும்பாலும் நின்று, எழுத்தில் தரும் விடையே வாதமாயிற்று. போரூர் முதல் பூவிருந்தவல்லி வரை நெடுஞ்சாலையின் இருமருங்கும் பெருகியுள்ள கடைக்காரர்களும், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முன்பணம் கட்டியவர்களும், பள்ளிவாசல் அறக்கட்டளைகளை நடத்தும் ஜமாஅத்துப் பெரியவர்களும் இம்மாற்றத்தின் பயனையோ பாதிப்பையோ அடைபவர்களே.

தேடல் என்பது சொல்லறிவு

கணிப்பொறி பொருளை அறிந்து தேடுவதைக் காட்டிலும் சொல்லைக் கண்டு தேடுவதே மிகுதி. எனவே எச்சொல்லைக் கொடுக்கிறோம் என்பதிலேயே வெற்றி தோல்வி அடங்கியுள்ளது. ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம்.

ஜமாஅத்து அறக்கட்டளை ஒன்றுக்கு வரிவிலக்குப் பதிவு மறுக்கப்படுகின்றது எனக் கொள்வோம். ஒரு குறிப்பிட்ட சமயச் சமூகத்தின் நன்மைக்கென நிறுவப்பட்ட அறநிறுவனத்துக்கு விலக்கில்லை என்னும் விதி, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13(1)(பி) பிரிவில் உள்ளது. மறுப்புக்கு அதுவே காரணமாகக் காட்டப்படுகின்றது. இதற்கு விடை தரும் தீர்ப்பு உண்டு. தாவூதி போரா ஜமாஅத் வழக்கில் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அவ்வமைப்பின் நோக்கங்கள் சமயமும் அறமும் கலந்தவை என்றும், அவற்றின் பயன் அச்சமூகத்தார்க்கு மட்டும் வரையறுக்கப்படவில்லை என்றும் கண்டு, அப்பிரிவு அதனைத் தடுக்காது என்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பைத் தேடுபவர், 'எங்கள் ஜமாஅத்துக்கு வரிவிலக்கு உண்டா?' என்று முழு வினாவையும் ஆங்கிலத்தில் எழுதினால் தொடர்பற்ற பல பக்கங்களே வந்து குவியும். சட்டத்தின் பெயர், பிரிவின் எண், தீர்ப்பில் இடம்பெறத்தக்க கலைச்சொல் ஆகிய மூன்றையும் பிரித்துக் கொடுத்தல் வேண்டும். சேர்ந்தே வரவேண்டிய சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இடுதல் வேண்டும். எழுத்துக்கூட்டலிலும் விழிப்பு வேண்டும். ஜமாஅத் என்னும் சொல்லை நம் பகுதியினர் ஆங்கிலத்தில் எழுதும் முறை வேறு. அவ்வழக்கின் தலைப்பில் உள்ள முறை வேறு. வக்ஃபு என்னும் சொல்லோ 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'கே' எழுத்துடன் நின்று, 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 'கியூ' எழுத்தைப் பெற்றது. ஒரு வடிவத்தை மட்டும் இட்டுத் தேடுபவர் ஒரு காலத்துத் தீர்ப்புகளையே காண்பார். ஒரு பொருள் குறித்த பல சொற்களை நிகண்டில் கற்றவர்க்கும், ஏட்டுச் சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிடப் பழகியவர்க்கும் இம்முறை புதிதன்று.

பின்வந்ததைக் காணாத் தேடல்

கிடைத்த முதல் தீர்ப்போடு நிறுத்திவிடுதல் தேடுவோரிடம் காணப்படும் பெருங்குறையாகும். வீடு வாங்குவோர் தொடர்பான கம்பெனி வழக்குகளில் இதன் தீங்கு தெளிவாக விளங்கும். கட்டுமான நிறுவனம் வீட்டைக் கட்டித் தராதபோது, முன்பணம் கொடுத்தவர்கள் அந்நிறுவனத்தின் மீது நொடிப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்தை அணுகலாம் என்னும் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தை, பயனியர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் ஏற்றுக்கொண்டது. இத்தீர்ப்பை மட்டும் காண்பவர், தாம் ஒருவரே சென்று மனுச் செய்யலாம் என எண்ணுவார். ஆனால் அதன்பின் வந்த திருத்தம், ஒரே திட்டத்தில் வீடு பதிந்தவர்களுள் 100 பேர் அல்லது 10 விழுக்காட்டினர், இவற்றுள் எது குறைவோ அத்தனை பேர், கூடி வரவேண்டும் என்று விதித்தது. மனிஷ் குமார் வழக்கில் 2021 ஜனவரியில் அவ்விதியும் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. முதல் தீர்ப்பை மட்டும் நம்பிச் செலவு செய்தவர்க்குப் பொருளும் காலமும் வீணாகும்.

கல்வி நிறுவனங்களை நடத்துவோர்க்கும் இதனை ஒத்த பாடம் உண்டு. குவீன்ஸ் எஜுகேஷனல் சொசைட்டி வழக்கில் 2015-இல் கூறப்பட்ட கொள்கையை, நியூ நோபிள் எஜுகேஷனல் சொசைட்டி வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. வரிவிலக்குப் பெற நிறுவனத்தின் நோக்கம் கல்வி ஒன்றேயாக இருத்தல் வேண்டும் என்று அது வரையறுத்தது. பழைய தீர்ப்பு இணையத்தில் அழியாமல் இருக்கின்றது. அதன் வலிமைதான் குறைந்துவிட்டது. எனவே ஒரு தீர்ப்பைக் கண்டதும், அதனைப் பின்வந்த தீர்ப்புகள் எவ்வாறு எடுத்தாண்டுள்ளன என்று பார்ப்பது கட்டாயமாகும்.

பிரிவு எண்களும் நிலையானவை அல்ல. 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2026 ஏப்ரல் 1-ஐத் தன் தொடக்க நாளாகக் கொண்டது. பழைய தீர்ப்புகள் பழைய எண்களையே சுமந்து நிற்கும். புதிய அறிவிப்புகளோ புதிய எண்களைக் கூறும். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தேடுபவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

மேலும், தீர்ப்பின் தலைக்குறிப்பு பதிப்பாசிரியர் எழுதிய சுருக்கமே, தீர்ப்பன்று. தீர்ப்பின் உள்ளேயும் இருதரப்பு வழக்கறிஞர்களின் வாதங்கள் விரிவாக எடுத்தெழுதப்படுகின்றன. நீதிபதி மறுப்பதற்காக எடுத்துக்கொண்ட கூற்றை அவருடைய முடிவாகக் கொண்டு ஏமாறுவோர் பலர். எழுவகை மதங்களுள் பிறர் கருத்தை எடுத்துக்கொண்டு பின் களைவதையும் ஒன்றாக நன்னூலார் வைத்தார். அதனைக் கற்ற மாணவர் இப்பிழைக்கு ஆளாகார்.

இல்லாத தீர்ப்புகள்

இக்காலத்தில் மற்றொரு கேடும் சூழ்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், கேட்ட மாத்திரத்தில் வழக்கின் பெயரையும் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் அடுக்கித் தருகின்றன. அவற்றுள் சில உலகில் இல்லாதவை. 2023 ஜூனில் நியூயார்க் நகரக் கூட்டாட்சி நீதிமன்றம், இத்தகைய பொய்த் தீர்ப்புகளைச் சமர்ப்பித்த வழக்கறிஞர்களுக்கும் அவர்தம் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் தண்டம் விதித்தது. நம் நாட்டிலும் இது நிகழ்ந்தது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு, பக்கை டிரஸ்ட் வழக்கில் 2024 டிசம்பர் இறுதியில் அளித்த ஆணையில், இல்லாத தீர்ப்புகள் சான்றாகக் காட்டப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரால் அமைந்திருந்தது. சில நாட்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், கே.எம்.ஜி. வயர்ஸ் வழக்கில், இல்லாத தீர்ப்புகளைக் காட்டிச் செய்யப்பட்ட வரி மதிப்பீட்டை நீக்கி, இயந்திரம் தருவதைச் சரிபாராமல் ஏற்பது தகாது என எச்சரித்தது. அதிகாரமுள்ள இடங்களிலேயே இவ்வாறு நேருமாயின், எளிய குடிமகன் நிலை என்னாகும்?

இதற்கு மருந்து நம் மரபிலேயே உள்ளது. நபிமொழிகளைத் தொகுத்த இமாம்கள் மத்ன் எனப்படும் செய்தியை மட்டும் நோக்கவில்லை. இஸ்னாது எனப்படும் அறிவிப்பாளர் வரிசையையும் ஆராய்ந்தனர். கேட்பதற்கு எத்துணை இனிமையாக இருப்பினும், வரிசை நிறுவப்படாத செய்தியை அவர்கள் சான்றாக ஏற்கவில்லை. இட்டுக்கட்டப்பட்டவற்றைத் தனியே பிரித்து நூல்களும் யாத்தனர். அதே ஒழுக்கம் இங்கும் வேண்டும். கருவி கூறும் தீர்ப்பை நீதிமன்றத்தின் தளத்திலோ நம்பத்தக்க தொகுப்பிலோ கண்டு, வழக்கின் பெயர், நாள், நீதிபதிகள், எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, உரிய பத்தியை முழுமையாகப் படித்த பின்னரே எடுத்தாள வேண்டும். 2023-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்கு ஆண்டும் வரிசை எண்ணும் கொண்ட நடுநிலைச் சுட்டெண் வழங்கத் தொடங்கியதால் இச்சரிபார்ப்பு எளிதாயிற்று.

நாம் செய்யத்தக்கவை

வழக்கறிஞரும் கணக்காயரும் இருக்க நமக்கு இஃது எதற்கு எனச் சிலர் வினவலாம். அவர்களின் இடத்தை நாம் கொள்ள வேண்டும் என்பது நம் கருத்தன்று, கொள்ளவும் இயலாது. ஆயினும் தன் வழக்கை ஒத்த தீர்ப்பைப் படித்துவிட்டுச் செல்பவர் சரியான வினாவைக் கேட்பார். பெறும் விடையையும் புரிந்துகொள்வார். இது வணிகவியல் துறையின் பணி, தமிழ்த் துறைக்கு என்ன தொடர்பு என்பாரும் உளர். அவர்கள் நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்களை நினைவுகூர வேண்டும். நாகூரில் பிறந்து, 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய அப்பெருமகனார், கம்பனை வழக்காய்வு போல் நுணுகி ஆராய்ந்தவர். சொல்லின் பொருளைத் துருவிக் காணும் பயிற்சி இலக்கியத்துக்கும் சட்டத்துக்கும் பொதுவானது என்பதற்கு அவரே சான்று.

எனவே மூன்று பணிகளை முன்வைக்கிறோம். முதலாவதாக, தமிழ்த் துறையும் வணிகவியல் துறையும் இணைந்து வாரம் ஒரு மணி நேரம் தீர்ப்புத் தேடற் பயிற்சி நடத்தலாம். இரண்டாவதாக, உச்ச நீதிமன்றத் தளத்தில் தமிழிலும் தீர்ப்புகளின் மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. ஆங்கில மூலமே அதிகாரமுடையது எனினும், இரண்டையும் ஒப்பிட்டுக் கலைச்சொல் அகராதி ஒன்றை நம் மாணவர்கள் தொகுக்கலாம். மொழிபெயர்ப்புப் பாடத்துக்கு இதனினும் சிறந்த பயிற்சி இல்லை. மூன்றாவதாக, அவ்வகராதியையும் பழைய, புதிய பிரிவு எண்களின் அட்டவணையையும் அச்சிட்டுப் பள்ளிவாசல் நூலகங்களிலும் வணிகர் சங்கங்களிலும் வைக்கலாம்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. இணைய வசதியுள்ள கணிப்பொறிகள் நம் கல்லூரியில் உள்ளன; சொல்லாராயும் ஆசிரியர்கள் உள்ளனர்; கணக்கறிந்த மாணவர்கள் உள்ளனர். தம் அறக்கட்டளைக்கு வந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள கெடுநாளை எண்ணிக் கலங்கும் பெரியவர் ஒருவர்க்கு, உரிய தீர்ப்பை மெய்யானது எனக் கண்டு எடுத்துத் தரும் மாணவர் நம் துறையிலிருந்து உருவாதல் வேண்டும். இன்ஷா அல்லாஹ், வரும் கல்வியாண்டிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.