எரிந்த பின் எழுதிய சட்டம்

1949-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் காலை, ஜப்பானின் நாரா நகரை அடுத்துள்ள ஹோரியூஜி விகாரத்தின் பொன்மண்டபத்தில் தீப்பிடித்தது. உலகில் இன்றும் நிலைத்திருக்கும் மரக்கட்டடங்களுள் மிகப் பழமையானவை அவ்விகாரத்தில்தான் உள்ளன. பொன்மண்டபத்தின் உட்சுவர்களில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பெற்ற புத்தர், போதிசத்துவர் உருவங்கள் அஜந்தா ஓவியங்களோடு ஒருங்கே வைத்து எண்ணப்பட்டவை. பழுதுபார்ப்புக்காக மண்டபத்தின் மேல்நிலையைப் பிரித்து இறக்கியிருந்தார்கள். சிலைகளையும் வேறிடத்தில் சேர்த்திருந்தார்கள். அவை தப்பின, சுவரோவியங்கள் கருகின. அவற்றை வருங்காலத்துக்குக் காத்துத் தருவதற்காகப் படியெடுத்துக்கொண்டிருந்த ஓவியர்கள் குளிருக்குப் பயன்படுத்திய மின்சாரச் சூட்டு மெத்தையே தீக்குக் காரணமாகலாம் என்பது வலுவான கருத்து. எனினும் அது ஐயமற நிறுவப்படவில்லை.

இத்தீயின் விளைவாக, மறு ஆண்டு மே 30-ஆம் நாள் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் வெளியிடப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது ஆகஸ்ட் 29-ஆம் நாள். இடைப்பட்ட காலத்தில், ஜூலை 2 அன்று, கியோட்டோவின் கின்காகுஜி பொற்கோயிலுக்கு அங்கே பயின்ற இளந்துறவி ஒருவரே தீ மூட்டினார். இன்று பயணிகள் குளக்கரையில் நின்று வியக்கும் பொற்கோயில் 1955-இல் மீண்டும் கட்டப்பெற்றது.

பழமையைப் போற்றுவது ஜப்பானியரின் பிறவிக் குணம் என்று புகழ்வோர் பலர். அந்நாட்டின் 19-ஆம் நூற்றாண்டு வரலாறு இதற்கு உடன்படவில்லை. 1868-இல் அமைந்த மெய்ஜி அரசு, ஆயிரம் ஆண்டுகளாகப் பின்னிப் பிணைந்திருந்த ஷிண்டோ வழிபாட்டையும் பௌத்தத்தையும் ஆணையிட்டுப் பிரித்தது. ஆணை பிரிக்கத்தான் சொன்னது; ஊர்தோறும் எழுந்த வெறி இடிக்கவே தொடங்கியது. சிலைகள் உடைக்கப்பட்டன, சுவடிகள் எரிக்கப்பட்டன, மணிகள் உருக்கப்பட்டன. நாராவின் பெருவிகாரமான கோஃபுகுஜியின் துறவிகள் அருகிலிருந்த கசுகா ஆலயத்தின் பூசகர்களாக மாறினர். விகாரம் ஆளின்றிக் கிடந்தது. அதன் ஐந்தடுக்குக் கோபுரமே விலை பேசப்பட்டதாகச் சொல்வர். ஹோரியூஜி விகாரமும் வறுமையில் வீழ்ந்தது. 1878-இல் முந்நூற்றுக்கு மேற்பட்ட அரும்பொருள்களை அரச குடும்பத்துக்கு அளித்து, பெற்ற பத்தாயிரம் யென்னைக் கொண்டு தன் கூரைகளைச் செப்பனிட்டுக்கொண்டது.

கோட்டைகளின் கதையும் இதுவே. 1873-இல் அரசு தனக்கு வேண்டிய சிலவற்றைப் படைக்கென வைத்துக்கொண்டு, ஏனையவற்றைக் கைவிட ஆணையிட்டது. வெண்ணிறக் கொக்கு என்று கொண்டாடப்படும் ஹிமேஜி கோட்டை அக்காலத்தில் 23 யென்னுக்கு ஏலம் போயிற்று என்றொரு செய்தி வழங்குகிறது. நகாமுரா ஷிகேதோ என்னும் படை அதிகாரி 1878-இல் மேலிடத்துக்கு முறையிட்டிராவிடில் அது இன்று நின்றிருக்குமா என்பது ஐயமே.

இடித்த அரசே காக்கவும் முற்பட்டது. 1897-இல் பழைய ஆலயங்களையும் விகாரங்களையும் காக்கும் சட்டம் பிறந்தது. 1929-இல் தேசியச் செல்வங்களுக்கான சட்டம் வந்தது. ஆனால் எந்தச் சட்டமும் போரைத் தடுக்கவில்லை. 1945-இல் மே 14 முதல் ஆகஸ்ட் 8 வரை, மூன்று மாதம் நிறையுமுன், நகோயா, ஓகாயாமா, வகாயாமா, ஓகாக்கி, ஹிரோஷிமா, ஃபுகுயாமா ஆகிய ஆறு கோட்டைகளின் முதன்மைக் கோபுரங்கள் அழிந்தன. பழங்காலக் கோபுரங்களாக நாடு முழுவதிலும் இன்று எஞ்சியவை பன்னிரண்டே.

1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தனிச்சிறப்பு, கட்டடத்தோடு உருவமற்ற கலைத்திறனையும் காப்புக்குரியதாக ஏற்றதில் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஓர் அடி முன்சென்று, பழுதுபார்க்கும் தொழில்நுட்பத்தையே அரசின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அத்தகைய தொழில்நுட்பத்தின் பயனை நாரா நகரத்து யாகுஷிஜி விகாரத்தில் காணலாம். 1528-இல் எரிந்த அதன் மேற்குக் கோபுரத்தை, 730-இல் எழுந்த கிழக்குக் கோபுரத்தின் இணையாக, 1981-இல் மீண்டும் எழுப்பியவர் பெருந்தச்சர் நிஷியோகா ட்சுனேகாசு. வழக்கொழிந்திருந்த ஈட்டி வடிவ இழைப்புளியை ஆராய்ந்து மீட்டெடுத்தவர் அவர். கைத்திறன் இருந்தது, மரந்தான் இல்லை. அத்துணைப் பருமனுள்ள ஹினோக்கி மரங்கள் ஜப்பானியக் காடுகளில் கிடைக்காமல், தைவானிலிருந்து தருவிக்க நேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் தைவான் தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடைசெய்த பின் அந்த வழியும் அடைபட்டது.

இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்பெறும் இசே ஆலயம் இம்மரத் தட்டுப்பாட்டை முன்னரே உணர்ந்தது. 690-இல் தொடங்கிய அம்மரபு, உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் அறுந்து கிடந்தது என்பதைப் பயண நூல்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. அறுந்ததை மீண்டும் தொடர்ந்தார்கள். 1923-இல், இருநூறு ஆண்டு முதிர்ந்த ஹினோக்கி மரங்களைத் தன் சொந்தக் காட்டிலேயே பெறுவதற்கான திட்டத்தை ஆலயம் வகுத்தது. நட்டவர் எவரும் பலனைக் காணப்போவதில்லை. 62-ஆம் புதுப்பிப்பு 2013-இல் நிறைவேறியது; அடுத்தது 2033-இல்.

இவ்வளவும் அறிந்த நாடு கோட்டைகள் வகையில் மட்டும் எளிய வழியை நாடியது ஏன்? போரில் அழிந்த கோபுரங்களுள் பல, 1950, 60-களில் கான்கிரீட்டால் எழுப்பப்பட்டன. வறுமையும் தீயச்சமும் அன்று காரணங்களாக இருந்தன என்பதை மறுக்கவில்லை. 1959-இல் கட்டிய நகோயாக் கோபுரம், நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2018-இல் மூடப்பட்டது. பழைய அளவைப் படங்களும் புகைப்படங்களும் போரில் தப்பியமையால் அதை மரத்தாலேயே கட்டலாம் என்கிறது மாநகராட்சி. மாற்றுத்திறனாளிகள் மேலேற மின்தூக்கி வேண்டும் என்ற கோரிக்கையோ நெடுநாள் பூசலாய் நீடிக்கிறது. போர்வீரருக்காக 1612-இல் அமைத்த செங்குத்துப் படிகளை இன்றைய குடிமக்களுக்கும் விதிப்பது நேர்மையாகாது. இருக்கும் கோபுரத்திலேயே மின்தூக்கி இருந்தது என்பதையும் மாநகராட்சி எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோபுரம் கட்டுவதினும் முதன்மையானவை காடும் தச்சரும். இளந்தச்சர்களின் பயிற்சிக்கும் முதுமரக் காடுகளின் வளர்ப்புக்கும் ஜப்பானிய அரசு முதலில் நிதி ஒதுக்கட்டும். கோபுரங்களுக்கு அடிக்கல் நாட்டுவது அதற்குப் பின் ஆகட்டும்.