கணினிக்கு நாள் குறிப்பவர்கள் யார்?

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அன்றுவரை ஒழுங்காக வேலை செய்த கணினிகள் மறுநாளும் ஒழுங்காகவே வேலை செய்தன. அவற்றின் விசைப்பலகை தேயவில்லை, வன்தட்டு பழுதடையவில்லை, திரை மங்கவில்லை. ஆயினும் அவை 'காலாவதியானவை' என்ற முத்திரையைப் பெற்றுவிட்டன. காசு கொடுத்து வாங்கியவர் நாம் இருக்க, அந்த முத்திரையைக் குத்தும் அதிகாரம் விற்றவருக்கு எங்கிருந்து வந்தது? இக்கேள்வியை நம்மவர்கள் கேட்பதாகத் தெரியவில்லை. அதனால் நான் கேட்கிறேன். அந்த முத்திரையை அழிக்கும் கருவி நம்மிற் பலருடைய மேசை லாச்சிக்குள் கிடக்கும் பென் ட்ரைவ்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளலாமே என்பார்கள். 2021 ஒக்டோபரில் வெளியான அந்த இயங்குதளம் ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. செயலியோ பொதுவாக எட்டாந் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கவேண்டும். 2017இல் புத்தம்புதிதாக விற்கப்பட்ட ஏழாந் தலைமுறைச் செயலிகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை தகுதிப் பட்டியலில் இல்லை. அவை வேகம் குறைந்தவையா? இல்லை. கட்டுரை தட்டவும், கணக்குப் பார்க்கவும், காணொளி பார்க்கவும், பிள்ளைகள் இணையவழி வகுப்பில் அமரவும் அவை தாராளமாகப் போதும். விண்டோஸ் 11இன் நிறுவற் கோப்பிலிருந்து இச்சில்லுப் பரிசோதனையை நீக்கும் வசதி ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. அவ்வாறு நீக்கி நிறுவினால் பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஓடவும் செய்கிறது. அப்படியானால் இது இயலாமை அன்று, அனுமதி மறுப்பு.

உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் இம்முடிவினால் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. சூழலைக் காப்பது பற்றி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடும் நிறுவனங்கள் உள்ள உலகத்தில்தான் இதுவும் நடக்கிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் பார்ப்போம். பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத இயங்குதளத்துடன் இணையத்தில் உலவுவது ஆபத்தானது. இதை நான் மறுக்கவில்லை. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற தீநிரல் பிரித்தானிய மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அதைத் தடுக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தும், அதை நிறுவாதிருந்த கணினிகளே அகப்பட்டுக்கொண்டன. ஆகவே விண்டோஸ் 10ஐ அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஓராண்டுத் தவணை தருகிறோம் என்றார்கள்: 30 டொலர் செலுத்தலாம், அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றில் நுழைந்து கணினி அமைவுகளை அவர்களுடைய சேவையகத்தில் சேமித்து வைக்கலாம். காசு, இல்லையேல் உங்கள் தகவல். தவணை முடிந்தபின் மீண்டும் அதே கடை வாசல்.

இலங்கைத் தமிழருக்கு இது தொலைதேசத்துச் செய்தி அன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியது. அதன்பின் ஒரு மடிகணினி வாங்குவது சாதாரண குடும்பத்துக்கு எத்தகைய சுமை என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பல பாடசாலைகளின் கணினி அறைகளில் இருப்பவை, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவர்கள் சேர்த்து அனுப்பிய பழைய கணினிகள். எட்டாந் தலைமுறை என்ற கோடு கீறப்பட்டபோது, அந்த அறைகளின் நடுவாலும் அக்கோடு போனது.

இனிப் பென் ட்ரைவுக்கு வருவோம். கணினியை முடுக்கியதும் அது முதலில் தேடுவது இயங்குதளத்தை. வழக்கமாக வன்தட்டில் தேடும். பென் ட்ரைவில் தேடு என்று நாம் கட்டளையிட்டால் அங்கும் தேடும். அவ்வாறு தேடிவரும் கணினிக்கு ஏற்ற முறையில் இயங்குதளமொன்றை எழுதிவைத்த பென் ட்ரைவைத்தான் பூட்டபிள் பென் ட்ரைவ் என்கிறோம். இவ்வளவுதான் இதன் மர்மம்.

செய்யும் முறையும் கடினமன்று. 8 ஜி.பி. கொள்ளளவுள்ள பென் ட்ரைவ் ஒன்று போதும். அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் ஆதலால், தேவையானவற்றை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடவேண்டும். லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளமொன்றின் ஐ.எஸ்.ஓ. கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கலாம். அக்கோப்பைச் சும்மா பிரதிசெய்து ஒட்டினால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. ரூஃபஸ், எச்சர் போன்ற மென்பொருள்களில் ஒன்றைத் திறந்து, கோப்பையும் பென் ட்ரைவையும் தெரிவுசெய்து, தொடங்கு பொத்தானை அழுத்தினால் அது உரிய முறையில் எழுதித் தரும். பின்னர் கணினியை அணைத்து மீண்டும் முடுக்கும்போது எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் ஆகியவற்றுள் தயாரிப்பாளர் குறித்துள்ள விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் தோன்றும். பென் ட்ரைவைத் தெரிவுசெய்யுங்கள்.

உடனே நிறுவிவிடவேண்டும் என்பதில்லை. வன்தட்டைத் தொடாமல், பென் ட்ரைவிலிருந்தே இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி அசைகிறதா என்று ஆறுதலாகச் சோதியுங்கள். பிடிக்கவில்லையென்றால் பென் ட்ரைவைக் கழற்றிவிட்டு மீண்டும் முடுக்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். வாங்குமுன் ஓட்டிப் பார்க்க விடும் இந்த நாகரிகம் எத்தனை வியாபாரிகளிடம் உண்டு? பிடித்துப்போய் நிறுவ முடிவுசெய்தால், உங்கள் கோப்புகள் அனைத்தையும் வேறு வன்தட்டொன்றில் பிரதியெடுத்த பின்னரே அதைச் செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் விட்டுவிடக்கூடாது. 2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், கள்ள வாசல் வைத்த ஐ.எஸ்.ஓ. கோப்பொன்றுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். ஆகவே தரவிறக்கிய கோப்பின் ஷா 256 சரிபார்ப்புத் தொகையைத் தளம் வெளியிடும் தொகையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். ஊடுருவியவன் தளத்திலுள்ள தொகையையும் மாற்றக்கூடுமாதலால், அத்தொகைக்குரிய எண்ணிமக் கையொப்பத்தையும் சரிபார்ப்பது மேலும் பாதுகாப்பு. செய்தியை வெளியிடுமுன் மூலத்தைச் சரிபார் என்று பத்திரிகைக்காரனுக்குச் சொல்வதும் இதைத்தான்.

இவ்வளவு எளிதான காரியத்தை நம்மவர்கள் ஏன் கடைக்காரரிடம் விட்டுவிட்டார்கள்? களவுப் பிரதிகள் நம்மைச் சோம்பேறிகளாக்கிவிட்டன என்பதே என் குற்றச்சாட்டு. கணினி முரண்டுபிடித்தால் கடைக்குக் கொண்டுபோவோம். தம்பி 'போர்மட்' பண்ணி, எங்கிருந்தோ எடுத்த விண்டோஸை ஏற்றி, அதன் பூட்டை உடைக்கும் நிரலொன்றையும் ஓட்டி, மாலையில் திருப்பித் தருவார். அந்நிரலுக்குள் வேறென்ன ஒளிந்திருக்கிறது என்று அவரும் அறியார், நாமும் அறியோம். அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்போம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பது எவருக்கும் நினைவில் இருப்பதில்லை. களவுப் பிரதியால் நஷ்டப்படுவது அமெரிக்க நிறுவனம் மட்டும் என்று எண்ணுவது அறியாமை. இலவசமாகப் பழகிய கைகள் பின்னர் வேறெதற்கும் பழக மறுக்கின்றன. நிறுவனத்தின் பிடி இறுகுகிறது.

கல்வித்துறையும் இதற்குப் பொறுப்பாளிதான். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர் 'பணிசெயல் முறைமை' என்றால் என்ன, அதன் தொழில்கள் யாவை என்று மனனஞ் செய்து எழுதிப் புள்ளி பெறுகிறார். அவர்களில் எத்தனை பேர் ஒரு பணிசெயல் முறைமையைத் தம் கையால் நிறுவியிருப்பார்கள்? நீந்தத் தெரியாதவனுக்கு நீச்சலில் விசேட சித்தி வழங்குவது போன்றது இது. அயலிலுள்ள கேரளத்தின் அரச பாடசாலைகள் 2000களிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அங்கு பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி கற்கிறார்கள். நம் நாட்டுக்கு இது புதிது என்றும் சொல்லமுடியாது. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கையில் உருவான சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் கட்டற்றதாகவே வெளியிடப்பட்டு, பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. உலகுக்கு அளித்த நாம், உலகு அளிப்பதை எடுத்துக்கொள்ளத் தயங்குகிறோம்.

லினக்ஸ் எல்லோருக்கும் எல்லாம் செய்யும் என்று நான் கூறவில்லை. பத்திரிகை அலுவலகங்களில் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் லினக்ஸில் நேரடியாக ஓடாது. வடிவமைப்பாளர் விண்டோஸிலோ மக்கிலோதான் இருக்கவேண்டும். பாமினி எழுத்துருவில் கை பழகியவர்கள் சிறிது காலம் தடுமாறுவார்கள். ஆனால் செய்தி எழுதும் நிருபருக்கும், கடிதம் தட்டும் கிராம அலுவலருக்கும், பாடம் தயாரிக்கும் ஆசிரியைக்கும் இந்தத் தடை எதுவுமில்லை. யுனிகோட் தமிழ் அங்கு ஒழுங்காகத் தெரிகிறது. தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. லிப்ரே ஒஃபிஸ் கட்டணமின்றி வருகிறது. 2024இல் வெளியான லினக்ஸ் மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 4 ஜி.பி. நினைவகமுள்ள பழைய கணினிக்கு இதைவிட என்ன வேண்டும்?

புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் அலுவலகங்கள் இப்போது கழித்துவிடும் மடிகணினிகளைக் குப்பைக்குப் போக விடாதீர்கள். வன்தட்டைத் துடைத்து, லினக்ஸை நிறுவி, ஊருக்கு அனுப்புங்கள். பத்துக் கணினிக்கு ஒன்று வீதம் பூட்டபிள் பென் ட்ரைவையும் பொதியில் வையுங்கள். அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பென் ட்ரைவை அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். பத்தாந் தரப் பிள்ளை ஒன்றின் கையில் கொடுத்து, பழைய கணினி ஒன்றையும் முன்னால் வையுங்கள். பிள்ளை பிழைவிட்டால் விடட்டும். மீண்டும் நிறுவ ஒரு மணித்தியாலம் போதும்.