விடுமுறையும் வீட்டு நாயும்

தில்லியில் குளிர்கால விடுமுறை வந்துவிட்டால் நம்மவர் இல்லங்களில் தனியொரு சுறுசுறுப்பு பிறந்துவிடுகிறது. பனி விலகி இளவெயில் எட்டிப் பார்த்ததும், புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு பூங்காவுக்குப் புறப்படுகிறோம். நாய் வளர்க்கும் வீடுகளில் அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் முதல் ஆளாக நிற்கிறது. இந்த இன்பத்தை வேண்டாமென்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் நேர்ந்ததைச் சொன்னால் பிறருக்குப் பயன்படக்கூடும் என்று கருதியே எழுதுகிறோம்.

டிசம்பர் இறுதி ஞாயிறன்று லோதி தோட்டத்துக்குச் சென்றிருந்தோம். சிக்கந்தர் லோதியின் கல்லறைக்கு அருகில், புல்வெளியில் சமுக்காளம் விரித்து அமர்ந்தோம். எங்கள் மணியும் உடன் வந்திருந்தது. சர்க்கரைப் பொங்கலைப் பரிமாறும்போதே இல்லத்தரசியார் ஏழு வயது மகனை எச்சரித்தார்: “இதில் உலர்ந்த திராட்சை இருக்கிறது. நாய்க்கு அது ஆகாது. கொடுத்தாயானால் அடுத்த முறை மணி வீட்டில்தான் இருக்கும்.” அதன்பின் பெரியவர்களாகிய நாங்கள் ஊர்ப் பேச்சில் ஆழ்ந்துவிட்டோம்.

அன்றிரவு கம்பளிச் சட்டையைக் கழற்றும்போதுதான் மகனின் முன்கையில் ஒரு பற்கீறலும், உலர்ந்த இரத்தக் கோடும் கண்ணில் பட்டன. எட்டு மணி நேரம் அவன் வாய் திறக்கவில்லை.

“ஏனப்பா சொல்லவில்லை?” என்று கேட்டோம்.

“நான்தான் பொங்கலை நீட்டினேன். அவசரத்தில் பல் பட்டுவிட்டது. சொன்னால் மணியை இனி அழைத்துப் போக மாட்டீர்களே!” என்று விம்மினான்.

“வீட்டு நாய்தானே, மஞ்சள் வைத்தால் ஆறிவிடும்” என்றார் பாட்டியார். மணியின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தோம். ஆண்டு ஊசி போடவேண்டிய நாள் கடந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தவறு எங்களுடையது.

காயத்தைச் சோப்பு இட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அந்த இரவிலேயே மருத்துவமனைக்கு விரைந்தோம். இரத்தம் வந்திருந்தமையால் காயத்தைச் சுற்றி நோயெதிர்ப்பு மருந்தும், அதனுடன் தடுப்பூசியும் போட்டார்கள். தடுப்பூசியை மீண்டும் 3, 7, 28 ஆகிய நாட்களில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். “தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியா?” என்று பாட்டியார் கலங்கினார். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. அறிகுறி தோன்றுமுன் உரிய ஊசிகளைப் போட்டுக்கொண்டால் அநேகமாக முற்றிலும் தடுத்துவிடலாம். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் தம் மருந்தை முதன்முதலில் செலுத்தியது, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கே. நம் குன்னூரிலும் 1907ஆம் ஆண்டில் பாஸ்டர் நிறுவனம் ஏற்பட்டது. இத்தனை காலமாகக் கையில் இருக்கும் காப்பு, ஒரு குழந்தையின் மௌனத்தால் பயனற்றுப் போகலாமா?

ஆகவே வெளியே புறப்படும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். நாயின் தடுப்பூசி அட்டையை விடுமுறைக்கு முன்பே எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் நாய்க்கும் சேர்த்து ஒருவரே காவல் என்று வைக்காமல், நாயின் கயிற்றைப் பிடிக்கப் பெரியவர் ஒருவரைத் தனியே அமர்த்துங்கள். உண்ணும் நேரத்தில் நாய் சற்று விலகியே இருக்கட்டும். திராட்சை மட்டுமன்று, வெங்காயமும் சாக்லேட்டும்கூட அதற்குத் தீங்கு செய்பவை. உண்கிற நாயையும் உறங்குகிற நாயையும் தொடலாகாது என்பதைச் சிறுவர்க்குப் பழக்குங்கள். எந்த நாயின் பல் பட்டாலும், நகம் கீறினாலும், மஞ்சளும் சுண்ணாம்பும் தேடாமல் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. எங்கள் மகனை வாய் மூட வைத்தது நாங்கள் விளையாட்டாகச் சொன்ன மிரட்டலே. புறப்படுமுன் பிள்ளைகளிடம், “என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள், உங்களைத் திட்டமாட்டோம், நாயையும் தண்டிக்கமாட்டோம்” என்று ஒரு வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

மகனுக்குக் கடைசி ஊசி குடியரசு நாளையொட்டி முடிந்தது. மணி நலமாக இருக்கிறது. அதன் அட்டையிலும் இப்போது தேதி தவறுவதில்லை. இவ்வாண்டும் லோதி தோட்டத்துக்குச் செல்ல இருக்கிறோம், மணியையும் அழைத்துக்கொண்டுதான். பொங்கலில் மட்டும் திராட்சை இராது.