மாலைப் பொழுது யாருக்கு?

"பாடத்தை முடித்துவிட்டு விளையாடப் போ" என்பது நம் இல்லங்களில் வழிவழியாக வழங்கிவரும் கட்டளை. அது பிறந்த நாளில் அதில் நியாயமிருந்தது. அன்று பாடத்துக்கு ஒரு முடிவு இருந்தது. இன்று முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் மாணவனுக்குப் பாடம் முடிவதே இல்லை. ஆகவே விளையாட்டும் தொடங்குவதில்லை. விழா மலரில் வாழ்த்துரைகளுக்குக் குறைவிராது. ஆதலின் நமக்களிக்கப்பட்ட இவ்விடத்தில், மாணவர் நேரத்தை வகுக்கும் முறைபற்றிச் சற்று மாறுபட்ட கருத்தொன்றைக் கூறத் துணிகிறோம். நேரசூசி எழுத அமரும் மாணவன் முதலில் குறிக்கவேண்டியது விளையாட்டு நேரத்தையே. படிப்பு நேரத்தை அதன் பின்னரே குறிக்கவேண்டும்.

இதைக் கேட்டு ஆசிரியர் சிலர் புருவம் நெரிப்பர். அவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும்.

வாரமொன்றுக்கு 168 மணித்தியாலங்கள். காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை ஐந்து நாட்கள் நடைபெறும் பாடசாலைக்கு 30 போகும். நாளுக்கு எட்டு மணித்தியாலம் உறங்கினால் 56. உணவு, நீராடல், பாடசாலைக்குப் போய்வருதல், வீட்டுப்பணி ஆகியவற்றுக்கு நாளுக்கு நான்கு வீதம் 28. எஞ்சுவன 54. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் மூன்று பாடங்களுக்கும் பிரத்தியேக வகுப்புகளில் 20 மணித்தியாலமும், அவற்றுக்கான பயணத்தில் 10 மணித்தியாலமும் செலவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 24 மணித்தியாலங்கள், அதாவது ஒரு முழு நாள், அவனிடம் மிஞ்சவேண்டும். ஆயினும் எந்த மாணவனைக் கேட்டாலும் "நேரமில்லை" என்றே சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு நாள் அவனுக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இருபது நிமிடமாகவும், இரு வகுப்புகளுக்கிடையே கடைவாசலில் நிற்கும் முக்கால் மணியாகவும், களைத்து வீடு திரும்பியபின் கைத்தொலைபேசியோடு கழியும் நள்ளிரவாகவும் அது சிதறிப்போகிறது.

வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். காலம் சேமித்தல் என்று வகுத்தாரல்லர். அரசர்க்கு உரைத்ததேயாயினும் அதன் கருத்து மாணவர்க்கும் பொருந்தும். எத்தனை மணி என்பதிலும் எந்த மணி என்பதே பெரிது. இரசாயனவியல் நூலை விடியற்காலையிலும் படிக்கலாம், விளக்கேற்றியபின்னும் படிக்கலாம். பந்தடிக்க வெளிச்சம் வேண்டும். கூட விளையாடப் பத்துப் பேரும் வேண்டும். நம் நாடு பூமத்தியரேகையை அண்மியிருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. ஐரோப்பியப் பிள்ளைகளுக்குக் கோடையில் வாய்ப்பதுபோல் இரவு ஒன்பது மணிவரை நீளும் மாலை நமக்கில்லை. நாலரைக்கும் ஆறேகாலுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதைத் தவறவிட்டவன் அன்றைய விளையாட்டையே தவறவிட்டவனாவான். பாரதியார் பாப்பாவுக்குப் பாடியபோது காலையைப் படிப்புக்கும் மாலையை விளையாட்டுக்கும் பிரித்துக் கொடுத்தது வெறும் கவியுள்ளத்தின் கனிவு மட்டுமன்று. இந்த மண்ணின் பொழுதை அறிந்த வகுப்பும் ஆகும்.

அரசாங்கமும் நேரத்தோடு விளையாடிப் பார்த்ததுண்டு. 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறு விடுமுறைகள் ஒழிந்து, போயா தினமும் அதற்கு முந்திய தினமும் வார விடுமுறையாயிருந்தன. நாட்காட்டியைப் பாராமல் கிரிக்கெட் ஆட்டமொன்றுக்கு நாள் குறிக்க இயலாதிருந்ததை மூத்தோர் நினைவுகூர்வர். பின்னர் 1996 ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில், மின்சாரத்தைச் சேமிக்கும்பொருட்டு, மே மாதம் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டது. ஒக்டோபரில் அரைமணி திரும்பியது. எஞ்சிய அரைமணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. அவ்வாண்டுகளில் பிள்ளைகள் இருள் பிரியுமுன் புத்தகப் பையைச் சுமந்து புறப்பட்டனர். மாலையில் அரைமணி வெளிச்சம் கூடிற்று என்பது மெய்யே. ஆனால் அந்த வெளிச்சத்தையும் ரியூட்டரிகளே பெற்றுக்கொண்டன.

பிரத்தியேக வகுப்பை நாம் பழிக்கவில்லை. பல்கலைக்கழகம் புகத் தகுதிபெறுவோர் பலராயும் அங்கு இடம் பெறுவோர் சிலராயும் இருக்கும் நாட்டில், இசட் புள்ளியின் தசமதானங்கள் ஒரு பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கும் நாட்டில், பெற்றோரின் அச்சம் வீணச்சமன்று. நாம் குறைகூறுவது அதன் அளவுகடந்த பெருக்கத்தை. தியறி வகுப்பு என்பர். அது முடிந்ததும் ரிவிஷன் வகுப்பு. அதற்குமேல் பேப்பர் வகுப்பு. ஒரே பாடத்தை மும்முறை கேட்கும் மாணவன் தானே அமர்ந்து அதனை ஒருமுறை சிந்திப்பதற்குப் பொழுது காணான். கொழும்பு 15 இலிருந்து கொழும்பு 6 வரை நகரின் வடகோடியிலிருந்து தென்கோடிக்குப் போய், காலி வீதி நெரிசலில் திரும்பிவரும் பிள்ளைக்கு இழப்பு இரட்டிப்பாகிறது. விளையாட்டு போயிற்று, சுயமாகப் படிக்கும் பழக்கமும் போயிற்று.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சில தினங்களுக்கு முன்பிருந்து பிரத்தியேக வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்வது வழக்கமாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சட்டம்போட்டு ஓய்வு வாங்கிக் கொடுக்கவேண்டியிருக்கிறது! சிறுவர்க்கு ஓய்வும் விளையாட்டும் உரிமையென்று கூறும் ஐக்கிய நாடுகள் சமவாயம் 1989 இல் நிறைவேறி, 1991 இல் இலங்கையும் அதனை ஏற்றுக்கொண்டதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். தென் கொரியத் தலைநகரில் இரவு பத்து மணிக்குமேல் தனியார் வகுப்பு நடத்தலாகாது என்ற விதியை 2009 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் உறுதிப்படுத்திற்று. சீனா 2021 இல், கட்டாயக் கல்விப் பருவத்துப் பாடங்களுக்கு வார இறுதியில் தனியார் வகுப்பு நடத்துவதையே தடுத்தது. இத்தகைய சட்டங்களில் நமக்கு அத்துணை நம்பிக்கையில்லை. முன்கதவை அடைத்தால் வகுப்பு பின்கதவால் நுழையும். மாலையை மீட்கவேண்டியவர்கள் பெற்றோரும் பாடசாலையுமே.

பெற்றோர் செய்யக்கூடியது எளிது. ஒரு பாடத்துக்கு ஒரு வகுப்பு போதும் என்று துணிதல். வாரத்தில் மூன்று நாட்களாவது மாலை ஐந்து மணியை எவருக்கும் விற்காதிருத்தல். பிள்ளைகளுக்குப் பந்தடிக்கக் காக்கைத்தீவுக் கடற்கரை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் எளிதாகத் தீராத ஒன்றும் உண்டு. நம் பகுதியின் தோட்டங்களிலும் சிறு தொடர்மாடி வீடுகளிலும், ஓர் அறையிலேயே சமையலும் உறக்கமும் தொலைக்காட்சியும் நடைபெறும் குடும்பங்கள் பல. அங்கே "ஆறரைக்கு விளையாடி முடித்து, எட்டரை வரை படி" என்று நேரசூசி எழுதிக் கொடுப்பது கேலியாகவே முடியும். நேரம் இருந்தாலும் இடம் இல்லை. அப்பிள்ளை ரியூட்டரியை நாடுவதற்குக் கல்விப்பசி மட்டுமே காரணமென்று நாம் நினைக்கவில்லை. மின்விளக்கும் மேசையும் அங்கே கிடைப்பதும் ஒரு காரணம். இதே வேளையில் பாடசாலைக் கட்டடங்களோ, ஒன்றரை மணிக்குப் பின் பெரும்பாலும் வெறிதே கிடக்கின்றன.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு நம் வேண்டுகோள் இதுவே. விழா நினைவாக வளைவு கட்டலாமா, மண்டபத்துக்குப் பெயர்ப்பலகை பொறிக்கலாமா என்று ஆலோசிப்போர், கிழமை நாட்களில் நாலரை முதல் ஆறேகால் வரை மைதானத்தையும், ஆறரை முதல் எட்டரை வரை இரண்டு வகுப்பறைகளையும் திறந்துவைப்பதற்கு என்ன செலவாகும் என்று கணக்கிடட்டும். மின்கட்டணம், ஒரு காவலாளியின் மேலதிக வேதனம், குடிநீர் என்பவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. அங்கே ஒருவரும் பாடம் நடத்தவேண்டியதில்லை, நடத்தவும் கூடாது. பழைய மாணவர் இருவர் முறைவைத்து வந்து ஓரமாக அமர்ந்து தம் புத்தகத்தைத் தாம் படித்துக்கொண்டிருந்தால் போதும். அதிபரின் இசைவும் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் இதற்கு வேண்டியிருக்கும். அக்கடிதங்களை அடுத்த பொதுக்கூட்டம்வரை தள்ளிப்போடாமல், விழாப் பந்தல் பிரிக்கப்படும் வாரத்திலேயே எழுதிவிடலாம்.