வரைபடத் தொழிலுக்குக் கள்ளப் பிரதி எதற்கு?

நில அளவை, விவசாய ஆலோசனை, சூழல் ஆய்வு என்று சிறு நிறுவனங்களை ஆரம்பிக்க விரும்பும் எமது இளைஞர்கள் சிலர் அண்மையில் என்னிடம் ஆலோசனை கேட்டனர். செய்மதிப் படங்களைக் கையாள என்ன மென்பொருள் வாங்கப் போகிறீர்கள் என்றேன். "கள்ளப் பிரதி ஒன்று கைவசம் இருக்கிறது, அது போதும்" என்றார்கள். உழைத்தவனின் உரிமையைக் கொடுக்காமல் நடத்தும் தொழிலில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

அதற்கு அவசியமே இல்லை என்பதுதான் எனது வாதம்.

செய்மதிப் படம் என்பது சிறு சதுரங்களால் ஆன பெரியதொரு கட்டம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படமொன்று சுமார் 110 கிலோமீற்றர் நீள அகலமுள்ள நிலப்பரப்பைக் காட்டும். சதுரமொன்று 10 மீற்றர் என்றால், ஒரு அலைவரிசையில் மாத்திரம் ஏறத்தாழ 12 கோடி சதுரங்கள். இப்படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்காவின் லேண்ட்சட் படங்களும் 2008 முதல் இலவசம்தான்.

அவற்றைக் கையாளும் கருவிகளும் அவ்வாறே. கனடாவின் பிராங்க் வார்மர்டாம் 1998இல் ஆரம்பித்த 'ஜீடால்' என்ற திறந்த மூல மென்பொருள், முழுப் படத்தையும் நினைவகத்தில் ஏற்றாமல் துண்டு துண்டாக வாசிக்கிறது. எனவே சாதாரண கணினியிலும் வேலை நடக்கும். பல படங்களை இணைக்கும்போது அவற்றைப் பிரதி செய்யாமல், எந்தப் படம் எந்த இடத்தில் என்று குறிக்கும் சிறு கோப்பொன்றை மாத்திரம் எழுதிக்கொள்ளவும் அதனால் முடியும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்குவோருக்கு 2002இல் தொடங்கப்பட்ட 'கியூஜிஐஎஸ்' இருக்கிறது. இவ்விரண்டையும் வர்த்தகத்துக்கும் கட்டணமின்றிப் பாவிக்கலாம்.

'இலவசம் என்றால் தரம் குறைவு' என்பார்கள். விலை உயர்ந்த ஆர்க்ஜிஐஎஸ் கூட உள்ளே ஜீடாலைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் கற்றுக்கொள்ளக் காலம் செல்லும், பிழை வந்தால் முறையிட விற்பனை முகவர் எவருமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள் என்பேன்.

இன்னொரு விடயம். இலவசம் என்பதால் அது உரிமையாளர் இல்லாத பொருளல்ல. பல வருடங்களாக ஜீடாலின் பராமரிப்பு ஓரிருவரின் தோள்களிலேயே இருந்தது. அதில் தங்கியிருந்த பெரிய நிறுவனங்கள் 2021இல்தான் நிதியுதவித் திட்டமொன்றில் இணைந்தன. ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளுபவர் அதைத் தூர்வாரவும் வர வேண்டும். பிழையைக் கண்டால் அறிவியுங்கள், தமிழில் கைந்நூல் எழுதுங்கள்.

இது எமக்குப் புதிதல்ல. 2004 சுனாமியின்போது இலங்கை இளைஞர்கள் உருவாக்கிய 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருள், 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் பயன்பட்டது. கொடுக்கத் தெரிந்த நாம், ஹலாலான வழி திறந்திருக்கும்போது களவெடுத்துப் பிழைக்க வேண்டுமா?