43 வயதில் நம்பர் 1: போபண்ணா கதை சொல்லும் டபுள்ஸ் பாடம்

2021. தோல்விக்கு மேல் தோல்வி. வயசு 41, முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோன நிலை. 'போதும், வீட்டுக்குக் கிளம்பிடலாமா' என்றுகூட அப்போது யோசித்ததாக ரோகன் போபண்ணாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கிளம்பவில்லை. 2024 ஜனவரியில் மேத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓப்பன் சாம்பியன். அதே மாதம் டபுள்ஸ் தரவரிசையில் உலக நம்பர் 1. அப்போது வயசு 43. முதல்முறையாக அந்த இடத்துக்கு வந்தவர்களில் அவர்தான் மூத்தவர்.

சிங்கிள்ஸில் தோற்றவர்களுக்கான இடமா டபுள்ஸ்?

சிங்கிள்ஸில் போபண்ணாவின் பெஸ்ட் ரேங்க் 213. அதை வைத்து, 'சிங்கிள்ஸ் வராததால் டபுள்ஸ்' என்று ஈஸியாகச் சொல்லிவிடலாம். ஆனால், இது வேற வேலை. ஒருத்தர் சர்வ் போடும்போது இன்னொருத்தர் நெட் அருகே நின்று அரை நொடியில் முடிவெடுக்கணும். பார்ட்னர் எங்கே நகர்வார் என்பதைப் பார்க்காமலே தெரிந்துவைத்திருக்கணும்.

ஏடிபி டபுள்ஸில் விதிகளும் கறார். 40-40 வந்தால் ஒரே பாயின்ட்டில் கேம் முடிந்துவிடும். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 பாயின்ட் டை-பிரேக். இரண்டு தப்பு நடந்தால் அந்த வாரம் காலி!

காசு எவ்வளவு?

2024 ஆஸ்திரேலிய ஓப்பன் ஆண்கள் சிங்கிள்ஸ் சாம்பியனுக்குக் கிடைத்தது 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். டபுள்ஸ் சாம்பியன் ஜோடிக்கு 7.3 லட்சம், அதையும் இருவர் பிரித்துக்கொள்ளணும். உச்சத்திலேயே இந்த இடைவெளி என்றால், கோச், பிசியோ, விமான டிக்கெட் எல்லாம் சொந்தச் செலவில் பார்க்கும் கீழ்நிலை வீரர்கள் பாடு?

ஸ்டார்கள் வந்தால் சரியாகிடுமா?

2025 யுஎஸ் ஓப்பன் அப்படித்தான் நினைத்தது. மிக்ஸட் டபுள்ஸை 16 ஜோடிகளாகச் சுருக்கி, சிங்கிள்ஸ் நட்சத்திரங்களை இறக்கியது. கூட்டம் வந்தது. ஜோடிக்கான பரிசு 2 லட்சத்திலிருந்து 10 லட்சம் அமெரிக்க டாலராக உயர்ந்தது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால், ஆண்டு முழுக்க டபுள்ஸ் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் வெளியே நின்றார்கள்.

கடைசியில் கோப்பையைத் தூக்கியது யார்? டபுள்ஸ் ஸ்பெஷலிஸ்ட்களான சாரா எரானி - ஆண்ட்ரியா வவசோரி. ஃபைனலில் இகா ஸ்வியாடெக் - காஸ்பர் ரூட் ஜோடியை வீழ்த்தினார்கள்.

நமக்கு ஏன் முக்கியம்?

சீனியர் டென்னிஸில் இந்தியர்கள் வென்ற கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் எல்லாமே டபுள்ஸ், மிக்ஸட் டபுள்ஸில் வந்தவை. மகேஷ் பூபதி, லியாண்டர் பயஸ், சானியா மிர்சா, போபண்ணா என எல்லாருமே அந்தக் கதவு வழியாக வந்தவர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவுடன் ஜோடி சேர்ந்த கோவை வீரர் ஸ்ரீராம் பாலாஜியின் பாதையும் அதுவே.

2025 நவம்பர் 1-ல் போபண்ணா ஓய்வை அறிவித்துவிட்டார். 20 வருடங்களுக்கு மேல் பொறுத்திருந்து உச்சம் தொட்டவர் அவர். அடுத்து வருபவருக்கு அந்த அளவு காத்திருக்க வசதி இருக்குமா? ஸ்டார்களைக் கூப்பிடுங்கள், தப்பில்லை. அதற்காக, இந்த ஆட்டத்தையே தொழிலாக வைத்திருப்பவர்களின் இடத்தைப் பறிக்காதீர்கள்.